கிழக்குச் சுவரில் பூத்த உப்பு

கீழக்கரை
ஆவணி 10

அன்புள்ள கணேசா,

உன் இரண்டு கடிதங்களும் மேசைமேல் கிடக்கின்றன. பதில் போடாதது என் தவறுதான், மன்னித்துவிடு. அம்மா நலம். ரஹீம் அண்ணன் இன்றைக்கும் பஸ்ஸைத் தவறவிட்டார்.

அருங்காட்சியகத்தின் கிழக்கு அறை நினைவிருக்கிறதா? நீ ஜன்னல் கம்பிக்குள் தலையைக் கொடுத்துவிட்டு அழுதாயே, அதே அறை. நான்கு வருடத்துக்கு முன் அதன் சுண்ணாம்புக் காரையைச் சுரண்டிச் சிமெண்டு பூசினார்கள். போன வாரம் ஓலை ஏடுகள் வைத்த பெட்டியை நகர்த்திப் பார்த்தேன். முழங்கால் உயரத்துக்குச் சுவரெல்லாம் உப்புப் பூத்திருந்தது. விரல் பட்டதும் பூச்சு பொலபொலவென்று உதிர்ந்தது. பெட்டிக்குள், மேலே இருந்த ஏட்டின் ஓரத்தில் சாம்பல் நிறப் பூஞ்சை. எனக்கு வயிறு எரிந்தது.

கடற்கரை மண்ணின் ஈரம் சுவரில் ஏறத்தான் செய்யும். சுண்ணாம்பு அதை வெளியே விட்டுவிடும், சிமெண்டு விடாது. தேங்கிய ஈரம் உப்பையும் சேர்த்துக்கொண்டு கல்லை அரிக்கிறது.

இதற்கு நிர்வாகக் குழு சொல்லும் வைத்தியம்: ஜன்னல்களை அடைத்து நான்கு ஏசி! கமுதி சூரிய மின்நிலையத்தில் 648 மெகாவாட் எடுக்கிற வெயில்தானே நமக்கும், மாடியில் சூரியப் பலகை போட்டால் மின்செலவே இல்லை என்கிறார்கள். பலகை போடட்டும், நல்லதுதான். ஆனால் மாலையில் ஏசியை நிறுத்திப் பூட்டிய பிறகு? பகலில் காய்ந்த ஓலை இரவில் ஈரம் குடிக்கும், விடிந்தால் மறுபடி காயும். தினமும் இப்படி விரிந்து சுருங்கினால் எத்தனை நாள் தாங்கும்? அருங்காட்சியகப் பொருள்களைக் காக்கும் வல்லுநர்களின் உலக அமைப்புகளே 2014-இல் கூடி, அந்தந்த ஊர் வெப்பத்துக்கும் ஈரத்துக்கும் ஒத்து வருவதைச் செய்யுங்கள், ஏசி இருந்தே தீர வேண்டும் என்று தொடங்காதீர்கள் என்று அறிவித்துவிட்டன. அதைத் தமிழில் எழுதிக் குழுவிடம் கொடுத்தேன். ஒருவரும் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை.

சித்திரை வெயிலில் ராமநாதபுரம் அரண்மனையின் ராமலிங்க விலாசத்துக்குள் நாம் நுழைந்த நாளை நினைத்துப் பார். அந்தத் தடித்த சுவருக்கு யார் ஏசி போட்டார்கள்?

நான் கேட்பது அதிகமில்லை. சிமெண்டைப் பெயர்த்துவிட்டு மறுபடி சுண்ணாம்பு பூச வேண்டும். மொட்டை மாடித் தளத்துக்கு வெள்ளை அடிக்க வேண்டும். பெட்டிகளைச் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி வைத்து, சூடேற்றும் பழைய விளக்குகளை மாற்றி எல்இடி போட வேண்டும். மாடித் தண்ணீர் சுவரடியில் கொட்டாமல் மழைநீர்த் தொட்டிக்குப் போக வேண்டும். ஏசிக்கு ஒதுக்கிய பணத்தில் பாதிகூட ஆகாது என்றே நினைக்கிறேன்.

இங்கே காரை வேலை தெரிந்த கை இல்லை. காரைக்குடியில் இருக்கிறாய், கடுக்காயும் கருப்பட்டியும் ஊறவைத்துப் பூசத் தெரிந்த கொத்தனார் ஒருவரைப் பிடி. குழு 20ஆம் தேதி கூடுகிறது. அவரை அழைத்துக்கொண்டு நீயே வந்துவிடு. அந்தச் சுவரை அவர் தட்டிப் பார்த்துச் சொன்னால் கேட்பார்கள். ஐப்பசி மழைக்கு முன் பூச்சு காய்ந்தாக வேண்டும்.

உன்
சேகர்