அடுத்த முறை புதுக் கதை கொடுங்கள்: பிளாட்டினம் டியூன்ஸ் நிறுவனர்களுக்கு ஒரு திறந்த மடல்

மைக்கேல் பே, பிராட் ஃபுல்லர், ஆண்ட்ரூ ஃபார்ம் மூவருக்கும்,

வணக்கம். போன மாதம் ஒரு சனிக்கிழமை ராத்திரி 'தி டெக்ஸாஸ் செயின் சா மாஸக்கர்' என்ற திகில் படத்தை இரண்டு முறை பார்த்தேன். முதலில் டோப் ஹூப்பர் இயக்கிய 1974 படம், அப்புறம் உங்கள் பட நிறுவனமான பிளாட்டினம் டியூன்ஸ் தயாரித்த 2003 ரீமேக். இரண்டிலும் ஒளிப்பதிவாளர் என்று ஒரே பெயர்தான் வருகிறது: டேனியல் பேர்ல். அந்தப் பெயர் இல்லையென்றால் இந்த மடலை எழுதியிருக்க மாட்டேன்.

பேர்ல் கதை உங்களுக்குத் தெரியும். இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். முதல் படம் 1973 கோடையில், டெக்ஸாஸ் வெயிலில், கையில் காசில்லாத ஒரு இளைஞர் கூட்டம் 16 எம்.எம். கேமராவை வைத்துக்கொண்டு எடுத்தது. சாப்பாட்டு மேசைக் காட்சிக்காக ஜன்னல்களை மூடிவிட்டு, இறைச்சி அழுகும் நாற்றத்துக்கு நடுவே ஒரு முழு நாளுக்கும் மேல் இடைவிடாமல் வேலை செய்திருக்கிறார்கள். ஆனால் எனக்குப் பிடித்தது வேறொரு ஷாட். ஊஞ்சலில் உட்கார்ந்திருக்கும் பெண் எழுந்து வீட்டை நோக்கி நடக்கிறாள். கேமரா ஊஞ்சலுக்கு அடியில் புகுந்து, தரையை ஒட்டியபடி அவள் பின்னாலேயே போகிறது. அவள் போகப் போக வீடு பெரிதாகி வானத்தை அடைத்துக்கொள்கிறது. ரத்தம் இல்லை, அலறல் இல்லை. பட்டப்பகலில் ஒரு பெண் நடந்து போகிறாள், அவ்வளவுதான். எத்தனையாவது முறை பார்த்தாலும் வயிற்றைப் பிசைகிறது.

அதை எடுத்த பேர்ல் பிறகு மியூசிக் வீடியோ பக்கம் போனார். 1983-இல் 'தி போலீஸ்' இசைக்குழுவின் 'எவ்ரி பிரெத் யூ டேக்' பாட்டைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தார். மறு வருடம் பாட்டு சேனலான எம்டிவி தன் விருது விழாவை முதன்முதலாக நடத்தியபோது ஒளிப்பதிவு விருது அவருக்குத்தான் கிடைத்தது. மைக்கேல், 1993-இல் பாடகர் மீட் லோஃப் பாட்டுக்கு நீங்கள் இயக்கிய வீடியோவுக்கும் அவர்தான் கேமராமேன். ஆக 2003-இல், அதுவரை விளம்பரமும் மியூசிக் வீடியோவுமாக இருந்த மார்கஸ் நிஸ்பெல்லை நீங்கள் இயக்குநராக்கியபோது, பேர்ல் சினிமாவிலிருந்து பாட்டுக்குப் போய் ஒரு சுற்று சுற்றிவிட்டு, முதலில் எடுத்த படத்துக்கே திரும்பி வந்தார்.

அந்த ரீமேக் மோசமான படம் இல்லை. தொடக்கத்தில் வேனுக்குள் ஒரு பெண் தன்னைத்தானே சுட்டுக்கொள்கிறாள். கேமரா அவள் தலையில் விழுந்த துளை வழியாகவே பின்னால் நகர்ந்து, கண்ணாடித் துளையையும் தாண்டி வெளியே வருகிறது. சபாஷ் போட்டேன். பயப்படவில்லை. எப்படி எடுத்திருப்பார்கள் என்றுதான் யோசித்தேன். படம் முழுக்க அப்படித்தான். மரங்களுக்கு நடுவே வெயில் கற்றை கற்றையாக இறங்குகிறது, புகை அளவாகத் தவழ்கிறது, வியர்வைகூட வாசனைத் திரவிய விளம்பரம்போல மின்னுகிறது. அதே ஆள், அதே கதை. முதல் முறை படம் பிடித்தபோது அந்தக் கதை யாருக்கும் தெரியாது. இரண்டாவது முறை எல்லாருக்கும் தெரியும். வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

எம்டிவி ஆட்கள் வந்து பேய்ப்படங்களைக் கெடுத்துவிட்டார்கள் என்று ஒரு பேச்சு ரொம்ப நாளாக உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஸ்பைக் ஜோன்ஸ், ஜோனதன் கிளேசர், மார்க் ரோமனெக் எல்லாரும் பாட்டு எடுத்துப் பழகியவர்கள்தானே. 1999-இல் 'பீயிங் ஜான் மால்கோவிச்', 2000-இல் 'செக்ஸி பீஸ்ட்', 2002-இல் 'ஒன் ஹவர் ஃபோட்டோ'. ஒன்றுகூட ரீமேக் இல்லை. டேவிட் ஃபின்ச்சரின் முதல் படம் 1992-இல் வந்த 'ஏலியன் 3', இன்னொருவர் தொடங்கிய கதையின் மூன்றாம் பாகம். ஸ்டுடியோ தலையீட்டில் நொந்துபோய் அந்தப் படத்தையே அவர் கைகழுவினார். புதுக் கதை கைக்கு வந்ததும் 1995-இல் 'செவன்'. மனிதர் அதேதான்.

சாமுவேல் பேயர் விஷயத்தில்தான் எனக்கு உங்கள் மேல் உண்மையான கோபம். 1991-இல் நிர்வாணா இசைக்குழுவின் 'ஸ்மெல்ஸ் லைக் டீன் ஸ்பிரிட்' வீடியோவை எடுத்தவர் அவர். பள்ளி ஜிம்போல ஒரு செட் போட்டு, கூட்டத்துக்கு வந்த பையன்களையும் பெண்களையும் பகல் முழுக்கப் படிக்கட்டுகளில் உட்கார வைத்திருந்தார்கள். பொறுமை போய், எரிச்சல் முற்றி, கடைசியில் இறங்கி ஆட விட்டதும் செட்டையே பிய்த்துப் போட்டார்கள். திரையில் தெரிவது அந்த நிஜமான கோபம். உட்கார வைத்தே ஒரு கூட்டத்தைக் கொதிக்க வைக்கலாம் என்பதைக் கண்ணால் பார்த்தவர், திகில் படத்துக்கு எப்பேர்ப்பட்ட சொத்து!

அவருக்கு நீங்கள் கொடுத்தது 2010-இல் 'எ நைட்மேர் ஆன் எல்ம் ஸ்ட்ரீட்' ரீமேக். வெஸ் க்ரேவனின் 1984 படத்தில், தூங்கும் நாயகி நான்சியின் தலைக்கு மேல் சுவர் பிதுங்கி, கனவில் வந்து கொல்லும் ஃப்ரெடியின் உருவம் எட்டிப் பார்க்கும். அது சுவரே இல்லை, இழுத்துக் கட்டிய ஸ்பாண்டெக்ஸ் என்ற நீளும் துணி. பின்னால் ஒரு ஆள் நின்று முகத்தை அழுத்துகிறார், செலவு அவ்வளவுதான். உங்கள் படத்தில் அதே காட்சியைக் கம்ப்யூட்டரில் செய்தார்கள். சுவர் ரப்பர்போல நெளிகிறது, எனக்கு வீடியோ கேம் ஞாபகம்தான் வந்தது. ஏற்கெனவே புகழ்பெற்ற ஒரு ஷாட்டைத் திரும்ப எடு, ஆனால் பளபளப்பாக எடு என்றால் பேயராக இருந்தாலும் வேறு என்ன செய்வார்? பாட்டுப் பக்கமிருந்து வந்த இயக்குநர் டேவ் மேயர்ஸுக்கும் இதே கதிதான். 2007-இல் 'தி ஹிட்சர்'. ரட்ஹர் ஹாவர் நடித்த 1986 படத்தைப் பார்த்தவர்களுக்கு அதில் புதிதாக ஒன்றுமில்லை.

பாட்டு எடுப்பவருக்குத் தாளம் முன்கூட்டியே கையில் இருக்கிறது. எந்த அடியில் ஷாட்டை வெட்ட வேண்டும் என்பதைப் பாட்டே சொல்லிவிடும். திகிலில் வெட்டு எப்போது வரும் என்பது பார்க்கிறவனுக்குத் தெரியவே கூடாது. ரீமேக்கிலோ எல்லா அடியும் அவனுக்கு மனப்பாடம். பாட்டுக்காரரைக் கூட்டி வந்து மறுபடியும் ஒரு பழைய பாட்டைத்தான் கையில் கொடுத்திருக்கிறீர்கள்.

விதிவிலக்கு உண்டு, மறைக்கவில்லை. கோர் வெர்பின்ஸ்கியும் பாட்டு, விளம்பரம் என்று வந்தவர்தான். ஜப்பானில் 1998-இல் வந்த படத்தை 2002-இல் 'தி ரிங்' என்று ரீமேக் செய்தார், பயமாகத்தான் இருந்தது. ஆனால் கவனியுங்கள், அந்தக் கதையின் நடுவிலேயே ஒரு வீடியோ இருக்கிறது. ஏணி, கண்ணாடி, கிணறு என்று ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத படங்கள், ஒரு நிமிடச் சங்கதி. பாட்டு எடுத்துப் பழகிய கைக்கு அதைவிடப் பொருத்தமான வேலை கிடைக்குமா? (அது உங்கள் கம்பெனிப் படமும் இல்லை.)

சரி, பணம்தான் காரணம் என்பீர்கள். நியாயம்தான். 2003 படத்துக்கு ஒரு கோடி டாலருக்குள் செலவு செய்து, உலக அளவில் பத்துக் கோடிக்கு மேல் எடுத்தீர்கள். ஆனால் அதே நிஸ்பெல், அதே பேர்ல் கூட்டணியில் 2009-இல் 'ஃப்ரைடே தி 13த்' ரீமேக். அமெரிக்காவில் முதல் வார இறுதியில் நாலு கோடி டாலர், அடுத்த வார இறுதியில் வசூல் சுமார் 80 சதவீதம் சரிவு. பெயருக்காக வந்தார்கள், பார்த்துவிட்டு வெளியே போய் யாரிடமும் சொல்லவில்லை. அப்புறம் 2018-இல் நீங்கள் தயாரித்த 'எ கொயட் பிளேஸ்': புதுக் கதை, சுமார் இரண்டு கோடி டாலர் செலவு, 34 கோடி டாலர் வசூல். சத்தமே போடக் கூடாது என்பதுதான் அந்தப் படத்தின் கதை. அந்த முறை இயக்குநராக நீங்கள் நம்பியது ஒரு நடிகரை, ஜான் கிராசின்ஸ்கியை.

அந்த நம்பிக்கையை ஏன் உங்கள் பழைய ஆட்களிடம் வைக்கவில்லை? உங்கள் மேசையில் இப்போதும் யாரும் படமாக்காத கதைகள் கிடக்கும். அதில் ஒன்றை எடுத்து பேயருக்கு அனுப்புங்கள். இன்னொன்றை மேயர்ஸுக்கு. இரண்டிலும் ஒளிப்பதிவுக்கு முதலில் பேர்லைக் கேட்டுப் பாருங்கள். ஊஞ்சலுக்கு அடியில் கேமராவை வைக்கத் தெரிந்தவருக்கு, யாரும் இன்னும் பார்க்காத ஒரு வீட்டைக் காட்டுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் எல்லா ரீமேக்குகளையும் டிக்கெட் வாங்கியோ, டிவிடி வாங்கியோ பார்த்த ஒரு தமிழ் ரசிகன்