ஒருவர் படிக்க, பத்துப் பேர் கேட்பதும் வாசிப்புதான்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இதழில், கடலோர ஊர்களில் இப்போது யாரும் புத்தகம் படிப்பதில்லை, எல்லார் கையிலும் போன்தான் என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை, அதனால்தான் இதை எழுதுகிறேன். ஒரு நாற்காலி, அதில் ஓர் ஆள், அவர் கையில் ஒரு புத்தகம் என்று தேடிப் பார்த்திருப்பார் போல. அப்படித் தேடினால் எங்கள் பாம்பனில் கிடைப்பது கஷ்டம்தான். இங்கே ஒருவர் படிப்பார், பத்துப் பேர் கேட்பார்கள். அதையும் வாசிப்புக் கணக்கில் சேருங்கள் என்பதுதான் நான் சொல்ல வந்தது.

எனக்குப் படிக்கும் பழக்கம் வந்ததே அப்படித்தான். அப்பா வள்ளத்தில், அதாவது நாட்டுப்படகில், தொழிலுக்குப் போனவர், எழுத்துத் தெரியாது. நான் மூன்றாம் வகுப்பு படிக்கும்போதே டீக்கடையிலிருந்து பேப்பரை வாங்கிவந்து என் முன்னால் போடுவார். முதலில் வானிலை, காற்று எந்தப் பக்கம், துறைமுகத்தில் எத்தனாம் எண் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள் என்பது. அப்புறம்தான் மற்றதெல்லாம். நான் ஒரு வரியை விட்டுவிட்டாலோ மாற்றிப் படித்தாலோ அவருக்குத் தெரிந்துவிடும். "இல்லத்தா, வாடைக் காத்து நேரத்துல அப்படிப் போட்டிருக்க மாட்டான், திரும்பப் படி" என்பார். திரும்பப் பார்த்தால் அவர் சொன்னதுதான் சரியாக இருக்கும்.

இப்போது நான் ஓர் ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். முன்பு 45 நாள், 2017-லிருந்து 61 நாள். படகு போகாவிட்டால் ஐஸுக்கு வேலை இல்லை, ஐஸுக்கு வேலை இல்லாவிட்டால் எனக்கும் இல்லை. படகெல்லாம் கரையேறி மராமத்தும் பெயிண்டுமாக நிற்க, பூவரசு நிழலில் வலையை விரித்துப் போட்டுக்கொண்டு ஆணும் பெண்ணுமாக உட்கார்ந்து கிழிசலைச் சரிபண்ணுவார்கள். எட்டு வருஷமாக என் படிப்பு அங்கேதான். மத்தியானச் சாப்பாடு முடிந்து மூன்று மணிக்கு ஆரம்பித்தால் வெயில் தாழும் வரை போகும்.

முதலில் படித்தது வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்'. 1977-ல் வந்த சின்ன நாவல், மணப்பாட்டுக் கரைக் கதை. மகன் எவ்வளவு சொல்லியும் வள்ளத்தை விற்க மனசு வராத குரூஸ் மிக்கேல், லாஞ்சு என்கிற விசைப்படகுக்காரர்களுக்கும் வள்ளத்துக்காரர்களுக்கும் நடக்கிற பகை. எங்கள் கூட்டத்தில் இரண்டு பக்கத்து ஆட்களும் உண்டு. விசைப்படகுக்குக் கூலிக்குப் போகிறவர்கள் அங்கேயே வலை வேலையாக இருப்பார்கள், நாட்டுப்படகுக்குத் தடை இல்லாததால் அவர்கள் காலையில் கடலுக்குப் போய்விட்டு வந்து சேருவார்கள். புத்தகம் முடிய ஐந்து நாள் ஆனது, அதில் இரண்டு நாள் வாக்குவாதம்தான். கதையை அப்படியே விட்டுவிட்டு, யார் வலையை யார் அறுத்தது என்று சொந்தக் கணக்குக்குப் போய்விடுவார்கள். நான் விரலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு காத்திருப்பேன்.

அந்த ஐந்து நாளில் நான் கண்டுபிடித்த ஒன்றைச் சொல்ல வேண்டும். கதை சாதாரணமாகப் போகும்போது வலை ஊசி ஓடிக்கொண்டே இருக்கும், கண்ணி கண்ணியாக நூல் ஏறி முடிச்சு விழும் சத்தம்கூடக் கேட்கும். ஏதோ நடக்கப்போகிறது என்று தெரிந்தால் முதலில் ஒரு கை நிற்கும், அப்புறம் பக்கத்துக் கை. எல்லா ஊசியும் நின்றுவிட்டால் அது நல்ல அத்தியாயம். பரிசு வாங்கிய புத்தகமா, பெரிய ஆள் எழுதியதா என்பதெல்லாம் எனக்கு அப்புறம்தான்.

அடுத்த வருஷம் 'செம்மீன்'. தகழி 1956-ல் மலையாளத்தில் எழுதியதைத் தமிழில் சுந்தர ராமசாமி கொடுத்திருக்கிறார், வாய்விட்டுப் படிக்க அவ்வளவு நன்றாக ஓடும். ஆனால் கடலுக்குப் போன புருஷனின் உயிர் கரையில் இருக்கும் பெண்டாட்டியின் கற்பில் இருக்கிறது என்ற இடம் வந்ததும், பாசி எடுக்கப் போகிற அக்கா ஒருவர் நிறுத்தச் சொல்லிவிட்டார். "நாங்களுந்தானே கடல்ல முங்கிப் பாசி எடுக்குறோம், எங்களுக்காகக் கரையில கற்போட உட்கார்ந்திருக்கது யாரு?" என்று கேட்டார். ஆண்கள் பக்கம் சத்தமே இல்லை. செம்மீன் பற்றி எவ்வளவோ படித்திருக்கிறேன், இந்தக் கேள்வியை நான் எங்கும் பார்க்கவில்லை. எனக்கே இத்தனை வருஷம் தோன்றவில்லை.

ஹெமிங்வேயின் 'கிழவனும் கடலும்' படித்தபோது வேறு மாதிரி. 84 நாள் மீன் கிடைக்காத கிழவர் என்றதும் யாரும் ஆச்சரியப்படவில்லை, பாடு இல்லாத நாள் என்றால் என்ன என்று எல்லாருக்கும் தெரியும். அவ்வளவு பெரிய மீனைப் பிடித்தும் சுறா தின்றுவிட்டதே என்று நான் வருத்தமாக நிறுத்தினேன். மாமா ஒருவர் மீனைப் பற்றிப் பேசவே இல்லை. கிழவரிடம் தொழில் பழகிய பையன் அந்தத் தடவை கூடப் போகவில்லை, "அந்தப் பையனைக் கூட்டிட்டுப் போயிருக்கணும்" என்று அதை மட்டும் சொன்னார். கிழவரும் கதை நெடுக அதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறார். அடுத்த முறை படித்தபோதுதான் எனக்கு அது காதில் விழுந்தது.

ஜோ டி குருஸின் 'ஆழி சூழ் உலகு' பெரிய புத்தகம், ஒரு தடைக்காலம் முழுக்க எடுத்துக்கொண்டது. அந்த நாவலின் பேச்சு புரியவில்லை என்று மதுரையில் இருக்கும் என் தோழி பாதியில் வைத்துவிட்டாள். இங்கே ஒரு சொல்லுக்குக்கூட யாரும் அர்த்தம் கேட்கவில்லை. ஒரு வார்த்தையை நான் இழுத்துப் படித்தால் அவர்களே சரியாகச் சொல்லிக் கொடுத்தார்கள்.

எனக்கு என்று தனியாக ஒரு புத்தகம் உண்டு, ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'. அவர் பிறந்த சிங்கம்புணரி அப்போது ராமநாதபுரம் மாவட்டம்தான், 1985-ல்தான் சிவகங்கை பிரிந்தது. உலகப்போர் காலத்தில் மெடானிலும் பினாங்கிலும் இருந்த நம் பக்கத்து ஆட்களின் கதை. அதில் தொங்கான் என்கிற பாய்மரக் கப்பல் புயலில் மாட்டிக்கொள்ளும் பகுதியை ஒருமுறை கூட்டத்தில் படித்தேன். பாதியில், எழுபதை நெருங்கும் ஒரு பெரியவர் ஊசியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். தனுஷ்கோடியைப் புயல் அழித்த 1964 டிசம்பர் 22 இரவு அவர் அங்கே இருந்த சின்னப் பிள்ளை என்று அப்புறம்தான் சொன்னார்கள். அவர் அப்பா அந்த இரவோடு சரி. அதிலிருந்து அந்தப் பகுதியை நான் சத்தம்போட்டுப் படிப்பதில்லை. ஒவ்வொரு வருஷமும் வாடை எடுக்கும்போது, வீட்டில் எல்லாரும் தூங்கிய பிறகு எனக்குள்ளேயே படித்துக்கொள்கிறேன்.

கடல் ஓரத்தில் புத்தகம் வைத்திருப்பது சுலபமில்லை. வாரப் பத்திரிகையின் நடுவில் குத்தியிருக்கும் பின் ஒரு மழைக்காலத்தில் துருப்பிடித்து, அந்தக் காவி நிறம் பக்கத்துக்குப் பக்கம் இறங்கிவிடும். வாங்கியதும் பின்னைப் பிடுங்கிவிட்டு நைலான் நூலால் தைத்துவிடுவேன். அட்டைக்குள் வேப்பிலை வைப்பேன், அதையும் மீறி ராமபாணப் பூச்சி வரும். ஆனாலும் இருபது வருஷத்துப் புத்தகங்கள் என்னிடம் இன்னும் இருக்கின்றன.

போனைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கூட்டத்தில் ஒரு தம்பி நான் படிப்பதைப் போனில் பதிவு பண்ணுவான். தடை முடிந்து கடலுக்குப் போனதும், டவர் போன பிறகு, வலை விட்டுவிட்டுக் காத்திருக்கும் நேரத்தில் அதைப் போடுவார்களாம். அந்த வாசகர் பார்த்த போன்களில் ஒன்று அதுவாகக்கூட இருந்திருக்கும்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை எட்டு, ஒன்பது ஞாயிற்றுக்கிழமைகள் வரும். அந்த வாரங்களில் ஒரு தொடர்கதை போடுங்கள். வாரம் ஒரு பக்கம் போதும், அரை மணி நேரத்தில் படித்து முடிகிற மாதிரி, கொஞ்சம் பெரிய எழுத்தில். நிழல் என்றாலும் மூன்று மணி வெளிச்சம் கண்ணைக் கூசுகிறது. கதை கடலைப் பற்றித்தான் இருக்க வேண்டும் என்றில்லை. போன வருஷம் ரயில்வேக் கதை ஒன்று படித்தேன், எல்லா ஊசியும் நின்றது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பாம்பன், ராமநாதபுரம் மாவட்டம்.