தண்ணீர் வருமுன் ஒரு காட்சி: ஊராருக்கு நன்கொடை வேண்டுகோள்

காவிரித் தாய் துணை

ஊர்ப் பெரியோர்களுக்கும், தாய்மார்களுக்கும், சென்னை, திருப்பூர், சிங்கப்பூர் என்று பிழைக்கப் போயிருக்கும் நம் சொந்தங்களுக்கும் வணக்கம்.

மேட்டூர் அணை வழக்கம்போல ஜூன் 12-இல் திறக்கும் என்று பேச்சு அடிபடுகிறது. அந்தத் தண்ணீர் நம் ஊர் ஆற்றை எட்டும் நேரத்தில், நம் பிள்ளைகள் எடுக்கும் குறும்படத்துக்காக மூன்று கேமராக்கள் தயாராக நிற்க வேண்டும். தேவை 1,34,000 ரூபாய். கையில் இருப்பது 81,500. வாடகை முன்பணத்தை ஜூன் 5-க்குள் கட்டாவிட்டால் கேமராக்கள் ஆனி மாத முகூர்த்தங்களுக்குப் போய்விடும். அதனால்தான் இவ்வளவு அவசரமாக எழுதுகிறோம்.

விஷுவல் கம்யூனிகேஷன் கடைசி ஆண்டு படிக்கும் நம் பிள்ளைகள் ஐந்து பேர் ஒரு குறும்படம் எடுக்கிறார்கள். விளையாட்டுப் பையன் ஒருவன் பொறுப்புள்ள ஆளாக மாறுகிற கதை. மாற்றம் முழுவதும் ஒரே காட்சியில் இருக்கிறது. பிளஸ் டூ முடித்தவன் அவன். கோடை முழுவதும் காய்ந்த ஆற்று மணலில் கிரிக்கெட் ஆடியவன். ஆண்டுதோறும் புதுத்தண்ணீர் வரும்போது அதற்கு முன்னால் கூச்சலிட்டு ஓடுகிற சிறுவர் கூட்டத்துக்கு அவன்தான் தலைவன். இந்த ஆண்டும் சத்தம் கேட்கிறது, சின்னவர்கள் ஓடுகிறார்கள், அவனும் சட்டையைக் கழற்றுகிறான். அப்போது கரையில் அவன் அப்பா மதகுப் பலகையைத் தூக்க முடியாமல் ஒற்றை ஆளாகத் திணறுவது கண்ணில் படுகிறது. நிற்கிறான். சட்டையை மறுபடி மாட்டிக்கொண்டு மதகை நோக்கி நடக்கிறான். வசனம் கிடையாது. அப்பா நாலு வரி புத்தி சொன்னால் நன்றாக இருக்குமே என்றார் பொருளாளர். பிள்ளைகள் ஒப்பவில்லை. படம் அவர்களுடையது, விட்டுவிட்டோம்.

இதை வேறொரு நாள் எடுக்கக் கூடாதா என்று பலர் கேட்கிறார்கள். நீடாமங்கலம் பக்கம் ஆறு பிரியும் மூணாறு தலைப்பில் வெண்ணாற்றிலிருந்து பிரிந்து, பாமணி ஆற்றில் ஓடி, எத்தனையோ மதகு தாண்டிக் கடைமடையான நமக்கு வருகிற தண்ணீர் இது. காய்ந்த மணலில் அதன் முதல் விளிம்பு ஏறுவதை ஆண்டுக்கு ஒருமுறைதான் பார்க்க முடியும். ஆற்றிடம் இன்னொரு டேக் கேட்க முடியாது. அணையும் நம் காலண்டரைப் பார்த்துத் திறப்பதில்லை: 2022-இல் மே 24-ஆம் தேதியே திறந்தார்கள், 2024-இல் ஜூலைக் கடைசி வரை காத்திருந்தோம். அதனால்தான் மூன்று கேமரா. ஒன்று பாலத்தின் மேல், ஓட்டம் முழுவதும் தெரியும்படி. ஒன்று கரையில், பையனின் முகத்தை மட்டும் பிடிக்க. மூன்றாவது ஆற்றுக்குள்ளேயே தாழ வைத்து, தண்ணீர் நெருங்க நெருங்கப் பின்வாங்கும். மேல்மதகு திறந்ததும், மதகைப் பார்த்துக்கொள்ளும் பாசன ஊழியரான லஸ்கர் சொல்லி அனுப்புவார். ஆனால் நமக்கு வந்துசேரும் நேரம் காலையா நடுப்பகலா என்று அவராலும் உறுதி சொல்ல முடியாது. மூன்று நாள் காத்திருக்கக் கணக்குப் போட்டிருக்கிறோம்.

மணலில் நடக்கும் கிரிக்கெட் ஆட்டத்தை முன்னதாகவே ஒரே நாளில் எடுத்து முடித்துவிட வேண்டும். தண்ணீர் வந்த பிறகு மணல் ஏது? இரண்டிலும் ஒரே தோற்றம் வேண்டும் என்பதால், தண்ணீர்க் காட்சி முடியும்வரை பையனாக நடிப்பவர் முடி வெட்டிக்கொள்ளக் கூடாது, முடிதிருத்தும் கடையிலும் சொல்லிவைத்திருக்கிறோம். தண்ணீர் தள்ளிக்கொண்டு வரும் சருகோடு பிளாஸ்டிக் பாட்டிலும் வருமே, முன்னாடியே பொறுக்கிவிடலாமா என்று கேட்டோம். வேண்டாம், ஆறு வருகிறபடியே வரட்டும் என்றார்கள் படமெடுக்கும் பிள்ளைகள். நமக்குத்தான் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது.

ஓடும் சிறுவர்கள் எட்டுப் பேரும் 14 வயதுக்குட்பட்டவர்கள். சட்ட விதிப்படி நாளுக்கு 5 மணி நேரத்துக்கு மேல் அவர்களை நடிக்கவைக்கக் கூடாது, 3 மணி நேரத்துக்கு மேல் ஓய்வில்லாமல் நிறுத்தக் கூடாது, ஐந்து பிள்ளைகளுக்கு ஒருவர் பொறுப்பாக இருக்க வேண்டும். நம்மூர்ப் பிள்ளைகள்தானே, இதற்கெல்லாம் எதற்கு அனுமதி என்றவர்களும் உண்டு. மாவட்ட ஆட்சியருக்கு விண்ணப்பம் கொடுத்தாகிவிட்டது. கயிறும் மிதவைச் சட்டையும் இல்லாமல் ஒரு பிள்ளையும் ஆற்றில் இறங்காது.

இனி வருவது பெரியவர்கள் விரும்பிச் சேர்த்தது. பிள்ளைகள் சுருக்கச் சொன்னார்கள், மூத்தவர்கள் விடவில்லை. 1905-இல் ஊர் ஊராகப் படம் காட்டப் புறப்பட்ட சாமிக்கண்ணு வின்சென்ட் திருச்சி ரயில்வேயில் வேலை பார்த்தவர். எம்.கே. தியாகராஜ பாகவதர் மாயவரத்துக்காரர். திருக்குவளையிலிருந்து போனவர் எழுதிய வசனத்தைத் தமிழ்நாடே மனப்பாடம் செய்தது. கட்சி பார்க்காமல்தான் சொல்கிறோம். நன்னிலத்துப் பக்கம் பிறந்த கே. பாலசந்தர், சென்னைக்குப் போகுமுன் முத்துப்பேட்டையில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். நம் ஊரிலும் விடிய விடிய வள்ளி திருமணம் நடந்திருக்கிறது. கீற்றுக் கொட்டகையில் மணலைக் குவித்து உட்கார்ந்து, தரை டிக்கெட்டில் படம் பார்த்தவர்கள் இன்றும் இருக்கிறார்கள். இந்த மண்ணுக்குக் கலை புதிதல்ல. பணம் கேட்கும்போது மட்டும் புதிதாகிவிடுகிறது.

செலவு இதுதான். கேமரா ஒன்றுக்கு நாள் வாடகை 4,000. மூன்று கேமராவுக்கு மூன்று நாள் 36,000. (கிரிக்கெட் ஆட்டத்துக்குக் கல்லூரிக் கேமராவே போதும்.) ஒலிப்பதிவுக் கருவியும் ஆளும் 15,000. இருபத்தாறு பேருக்கு நாலு நாள் சாப்பாடு 26,000. வேன் 9,000. கயிறு, மிதவைச் சட்டை, நீச்சல் தெரிந்த இருவருக்குக் கூலி 6,000. எடுத்ததைப் பத்திரப்படுத்த ஹார்ட் டிஸ்க் இரண்டு 12,000. எடிட்டிங், ஒலிச்சேர்க்கை, வண்ணத் திருத்தம் 30,000. இன்னும் வேண்டியது 52,500. அதில் கடைசியாகச் சொன்ன 30,000 ஆவணி வரை பொறுக்கும். மீதி 22,500 பொறுக்காது.

கொடுத்தவர்களை மறக்கவில்லை. கஜா புயல் 2018-இல் தென்னையையெல்லாம் சாய்த்துப் போட்ட கையோடு, தங்கள் தோப்பையே இழந்தவர்கள்கூடப் பள்ளிக்கூடக் கூரைக்குத் தகரம் வாங்கிக் கொடுத்தார்கள். அதே குடும்பங்களிலிருந்து இம்முறையும் முதல் பணம் வந்தது. சிங்கப்பூரில் கட்டட வேலை பார்க்கும் வடக்குத் தெருத் தம்பிகள் ஒரு மாத ஓவர்டைம் பணத்தைச் சேர்த்து அனுப்பினார்கள். ஓய்வுபெற்ற தலைமையாசிரியை அம்மா ஒரு மாத ஓய்வூதியத்தை உறையில் போட்டுக் கொடுத்து, பெயர் வேண்டாம் என்றார். மகளிர் குழுவினர் சமைத்துத் தர முன்வந்ததால்தான் சாப்பாட்டுச் செலவு இந்த அளவில் நிற்கிறது. டீக்கடை அண்ணன் இரண்டு வாரம் உண்டியல் வைத்து, சில்லறையாகவே 3,140 ரூபாயைக் கொண்டுவந்து கொட்டினார். பந்தல் கடைக்காரர் காத்திருக்கும் நாள்களுக்கு நிழலும் நாற்காலியும் இலவசம் என்கிறார். அனைவரையும் அந்த அம்மன் காப்பாற்ற வேண்டும்.

மனவருத்தத்தோடு ஒன்று. போன திருவிழாவில் ஒரே இரவு வாணவேடிக்கைக்கு நாம் எரித்தது 60,000 ரூபாய். அதை யாரும் குறை சொல்லவில்லை, அம்மனுக்குச் செய்தது. ஆனால் அப்போது ஆயிரம் இரண்டாயிரம் என்று ஒலிபெருக்கியில் பெயர் சொல்லவைத்த சில வீடுகளில், இப்போது குழு போனால் வாசலில் செருப்பு இருக்கிறது, ஆள் இல்லை என்கிறார்கள். ஆற்றைத் தாயென்று கும்பிடுகிறோம். அவள் வருவதை நம் பிள்ளைகள் படமெடுக்க உதவுவது நம் கடமை இல்லையா?

கல்வெட்டு கிடையாது. படம் முடியும்போது எல்லோர் பெயரும் வரும், நூறு கொடுத்தாலும் பத்தாயிரம் கொடுத்தாலும் ஒரே எழுத்தளவு. மாலை ஆறு மணிக்கு மேல் நூலகத்தில் பொருளாளர் இருப்பார். ரசீது வாங்காமல் பணம் கொடுக்காதீர்கள். வரவு செலவுக் கணக்கை ஆடிப்பெருக்கு அன்று கோயில் வாசலில் வாசிப்போம்.

பணம் முடியாதவர்கள் அரிசி கொடுக்கலாம், புழுங்கலாக இருந்தால் நல்லது. இருபத்தாறு பேருக்குச் சமைக்கப் பெரிய அண்டா வைத்திருப்பவர்கள் ஜூன் 8-க்குள் சொல்லவும்.

இப்படிக்கு,
நன்கொடைக் குழுவினர்