15 லட்சம் ஆண்டுகளை எங்கள் பள்ளிக்குக் கொண்டுவந்தவர்களுக்கு நன்றி

அன்புள்ள அனைவருக்கும் வணக்கம்.

எங்கள் அரசு மேல்நிலைப் பள்ளியில் நடந்த பழைய கற்காலக் கண்காட்சி நல்லபடியாக முடிந்தது. பார்க்க வந்தவர்களில் பலர், "இதெல்லாம் யார் செஞ்சது டீச்சர்?" என்று கேட்டார்கள். சமூக அறிவியல் ஆசிரியை என்பதால் பாராட்டு என் பக்கம் வந்து சேர்ந்தது. அது உரியவர்களுக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதற்காகவே இந்த மடல்.

திருவள்ளூர் மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு அத்திரம்பாக்கம் என்ற பெயர் ஒரு பேருந்து நிறுத்தமாகக்கூடத் தெரியவில்லை. பூண்டி ஏரி தெரியும், கொசஸ்தலை ஆறு தெரியும். ஆற்றங்கரையை ஒட்டிய அந்தச் சின்ன ஊரின் பெயரை உலகம் முழுக்க மனிதத் தொன்மை ஆராய்கிறவர்கள் அறிவார்கள் என்று சொன்னபோது நம்பவில்லை. நேரில் கூட்டிப்போய்க் காட்டுவோம் என்று முடிவு செய்தோம். டீசல் செலவை மட்டும் வாங்கிக்கொண்டு வேன் ஓட்டிய அண்ணனுக்கு முதல் நன்றி. பூண்டியில் உள்ள தொல்பழங்கால அகழ்வைப்பகத்தில் உண்மையான கற்கருவிகளைக் காட்டிவிட்டு, அங்கிருந்து அத்திரம்பாக்கம் போனோம்.

அங்கே எங்களுக்கு வழிகாட்டியவர் ஆடு மேய்க்கும் ஒரு பெரியவர். மழைநீர் அரித்து அரித்து உண்டான ஓடைகளுக்குள் எங்கே இறங்கலாம், எந்த விளிம்பில் நிற்கக் கூடாது என்று ஒவ்வொரு பிள்ளையையும் கையைப் பிடித்து இறக்கிவிட்டார். எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் தரையில் கிடந்த கல்லைக் குனிந்து எடுத்தான். அவர் அதட்டவில்லை. "எடுத்த எடத்துலயே வச்சிருப்பா. அது அங்க கெடந்தாதான் பின்னால வர்றவங்க பாத்துச் சொல்லுவாங்க" என்றார். நான் ஒரு பாடவேளை முழுக்கப் பேசியிருந்தாலும் இவ்வளவு தெளிவாகப் பதிந்திருக்காது. ஐயா, உங்களுக்கு எங்கள் மனமார்ந்த நன்றி. அன்று நீங்கள் வாங்கிக்கொடுத்த நுங்குக்கும் சேர்த்துத்தான்.

அவர் சொன்னதுதான் தொல்லியலின் உயிர். கல் ஒன்றுதான், அது எந்த மண்ணடுக்கில், எவ்வளவு ஆழத்தில், எதனோடு சேர்ந்து கிடந்தது என்பதில்தான் வரலாறு இருக்கிறது. அத்திரம்பாக்கத்தின் கதையே அப்படிப்பட்டது. பல்லாவரத்தில் 1863 மே 30-ஆம் தேதி ஒரு கைக்கோடரியை, அதாவது இரு பக்கமும் செதுக்கிக் கையில் பிடித்துப் பயன்படுத்திய கற்கருவியைக் கண்டெடுத்தார் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் ராபர்ட் புரூஸ் ஃபூட். அதே ஆண்டு செப்டம்பரில் அவரும் அதே துறையின் வில்லியம் கிங்கும் அத்திரம்பாக்கத்துக்கு வந்து சேர்ந்தார்கள். இதற்கு 4 ஆண்டுகள் முன்புதான், பிரான்சின் சோம் ஆற்றுப் படுகையில் கிடைத்த கற்கருவிகள் அழிந்துபோன விலங்குகளின் காலத்தவை என்று அறிஞர்கள் ஒப்புக்கொண்டிருந்தார்கள். மனிதனுக்குச் சில ஆயிரம் ஆண்டு வரலாறுதான் என்றிருந்த ஐரோப்பிய நினைப்பு ஆட்டம் கண்ட நேரம் அது. இந்திய மண்ணிலும் அதே வகைக் கருவி கிடைத்ததும், பழைய கற்கால மனிதன் ஐரோப்பாவோடு நின்றுவிடவில்லை என்பது தெரிந்தது.

அதற்குப் பின்னும் பலர் வந்து தோண்டினார்கள். ஓர் ஆழத்துக்குக் கீழே வருகிற களிமண் அடுக்கை, மனிதன் தோன்றுவதற்கு வெகு காலம் முந்திய பாறைப் படிவு என்று நினைத்து அதோடு நிறுத்திக்கொண்டார்கள். 1999-இல் தொல்லியலாளர் சாந்தி பப்புவின் குழு அகழாய்வைத் தொடங்கியபோது அந்தக் களிமண்ணுக்குள்ளும் இறங்கிப் பார்த்தது. உள்ளே கருவிகள் இருந்தன! குழிகள் 9 மீட்டர் ஆழம் வரை போயின. அடி அடுக்குகளிலிருந்து மட்டும் குவார்ட்சைட் என்ற கடினமான பாறையில் செய்த 3,500-க்கும் மேற்பட்ட கருவிகள் கிடைத்தன. விலங்குகளின் குளம்புத் தடங்கள்கூட அந்தக் களிமண்ணில் பதிந்திருந்தன. பாடப்புத்தகத்தில் இரண்டு வரியில் முடிந்துபோகும் இந்தக் கட்டத்தைப் பிள்ளைகளிடம் ரொம்ப நேரம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஏற்கெனவே முடிவு கட்டப்பட்ட ஒரு மண்ணை மறுபடி சந்தேகப்பட்டுத் தோண்டுவதற்கு எவ்வளவு உறுதி வேண்டும் என்று அவர்கள் உணர வேண்டும் என்பது என் ஆசை.

சரி, அந்தக் களிமண் எத்தனை பழையது? இந்த இடத்தில் நான் தடுமாறியிருப்பேன். கைகொடுத்தவர் பக்கத்து ஊர்க் கல்லூரியின் இயற்பியல் பேராசிரியர். அழைத்த மறுநாளே இரண்டு மண்பானைகளோடு வந்தார். ஒன்றின் அடியில் சிறிய ஓட்டை, இன்னொன்றில் சற்றுப் பெரிய ஓட்டை. இரண்டுக்கும் மேலே குழாய் திறந்திருந்தது. வெளியில் கிடக்கும் கல்லின் மீது விண்வெளியிலிருந்து வரும் கதிர்கள் ஓயாமல் பட்டுக்கொண்டே இருப்பதால் அதில் உள்ள குவார்ட்ஸ் என்ற கனிமத்தில் பெரிலியம்-10, அலுமினியம்-26 என்ற இரண்டு கதிரியக்க அணு வகைகள் உண்டாகின்றன. அதுதான் திறந்திருக்கும் குழாய். கல் மண்ணுக்குள் ஆழமாகப் புதைந்ததும் கதிர்கள் எட்டாது, குழாய் மூடிக்கொள்கிறது. அதன் பிறகு ஒழுகுவது, அதாவது இரண்டும் தாமாகச் சிதைந்து குறைவது மட்டும்தான் நடக்கும். அலுமினியம்-26 ஏறத்தாழ 7 லட்சம் ஆண்டுகளில் பாதியாகிறது. பெரிலியம்-10 பாதியாக அதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு காலம் ஆகிறது. இரண்டு பானைகளிலும் மிச்சமிருக்கும் தண்ணீரை ஒப்பிட்டால், குழாய் எப்போது மூடப்பட்டது என்று கணக்குப் போட்டுவிடலாம். பிள்ளைகளே அளவுகோலை வைத்துத் தண்ணீர் மட்டத்தை அளந்து கணக்குப் போட்டார்கள்.

இப்படிக் கணித்துத்தான் அத்திரம்பாக்கத்தின் அடி அடுக்குக் கருவிகளுக்கு ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டு வயது என்று 2011-இல் அறிவித்தார்கள். மண்ணில் பதிந்திருந்த பூமியின் பழைய காந்தப்புலத் திசையைத் தனியாகச் சோதித்ததில், எப்படிக் குறைத்துப் பார்த்தாலும் 10 லட்சம் ஆண்டுகளுக்கு மேல் என்று உறுதியானது. அதுவரை இந்தியாவின் கைக்கோடரிகளுக்குப் பெரும்பாலும் ஐந்தாறு லட்சம் ஆண்டுகள்தான் சொல்லிவந்தார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து ஏதோ ஒரு பிற்காலத்தில் இங்கே வந்து எட்டிய தொழில்நுட்பம் என்ற எண்ணம் அதோடு மாறியது. பேராசிரியர் ஐயா, பானைகளை எங்களிடமே விட்டுவிட்டுப் போனீர்கள். பத்திரமாக வைத்திருக்கிறோம்.

மாமல்லபுரத்தில் கல்வேலை செய்யும் சிற்பி அண்ணனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எங்கள் மாணவி ஒருத்தியின் மாமா அவர். வேலை நாளில் கூலியை விட்டுவிட்டு வந்தார். உளியும் சுத்தியலும் கூடாது, கல்லால்தான் கல்லை உடைக்க வேண்டும் என்றதும் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார். வேதியியல் ஆய்வகத்துக் கண்ணாடிகளை அவருக்கும் முன்வரிசைப் பிள்ளைகளுக்கும் மாட்டிவிட்டோம். உள்ளங்கையில் அடங்கும் உருண்டைக் கல் ஒன்றைச் சுத்தியலாக எடுத்தார். குவார்ட்சைட் பாளத்தைத் தொடை மேல் தடித்த சாக்கை விரித்து வைத்துக்கொண்டு, திருப்பித் திருப்பிப் பார்த்தார். முதல் சில அடிகளுக்கு விளிம்பு நொறுங்கியதே தவிர வேறொன்றும் நடக்கவில்லை. பிறகு கல்லைக் கொஞ்சம் சாய்த்து, விளிம்பிலிருந்து ஒரு விரல் அளவு உள்ளே தள்ளி ஓர் அடி. கணீரென்று சத்தம் கேட்டது. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சில்லு கீழே விழுந்தது. அடிபட்ட இடத்துக்குக் கீழே சின்னதாக ஒரு புடைப்பு, அதைச் சுற்றி மெல்லிய அலை வரிகள். மனிதக் கை பட்டு உடைந்த கல்லுக்கு இது ஒரு முக்கியமான அடையாளம். பிள்ளைகள் வரிசையில் வந்து அந்தப் புடைப்பை விரலால் தடவிப் பார்த்தார்கள்.

மதியத்துக்குள் ஒரு பக்கம் மட்டும் ஓரளவு வடிவத்துக்கு வந்தது. அவர் சொன்னது எங்கள் எல்லோருக்கும் மனதில் நின்றுவிட்டது: "அடிக்கிறதுக்கு முன்னாடியே முழு வடிவமும் மனசுல இருக்கணும் டீச்சர். இல்லன்னா கை போற போக்குல கல்லு கெட்டுப்போயிடும். அவங்க சாதாரண ஆளுங்க இல்ல." பரம்பரையாகக் கல்லோடு பழகிய ஒருவர் வாயிலிருந்து வந்த இந்தச் சான்றை நான் எந்த ஆய்வுக் கட்டுரைக்கும் குறைவாக நினைக்கவில்லை.

எங்கள் தமிழாசிரியர் ஐயாவுக்குத் தனி நன்றி. கண்காட்சிக்கு வந்த பேனர் மாதிரியில் "15 லட்சம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த முதல் தமிழன்" என்று போட்டிருந்தது. அச்சுக்குப் போகும் முன் அவர்தான் தடுத்தார். அந்தக் கருவிகளைச் செய்தவர்கள் நம் இனமான ஹோமோ சேப்பியன்ஸே அல்ல. இன்னும் பழைய, வேறொரு மனித இனத்தவர். அவர்களுக்கும் நமக்கும் இடையே மொழி, ஊர், குலம் என்ற எந்தக் கயிறும் கிடையாது. தமிழ் மேல் உயிரையே வைத்திருப்பவர் அதைச் சொன்னதால் யாரும் மறுபேச்சுப் பேசவில்லை. வாட்ஸ்அப்பில் இப்படிப்பட்ட வாசகங்கள் தினமும் சுற்றுகின்றன. பெருமை பேச நமக்குக் கீழடியும் சிவகளையும் கொடுமணலும் இருக்கின்றன. அத்திரம்பாக்கத்தை இழுத்துத் தமிழ்ப் பெருமையாக்க வேண்டிய அவசியமில்லை. அது மனித குலம் முழுமைக்கும் உரிய இடம். நம் மாவட்டத்தில் இருப்பதால் அதைப் பாதுகாக்கும் பொறுப்பு நமக்குக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான்.

இந்தக் கால அளவைக் கண்ணால் காட்டியது கடைத்தெருவில் கயிற்றுக்கடை வைத்திருக்கும் பாய் கொடுத்த 18 மீட்டர் தேங்காய்நார்க் கயிறு. 1 சென்டிமீட்டருக்கு 1,000 ஆண்டுகள் என்று கணக்கு வைத்து, ஒன்பதாம் வகுப்பு மாணவிகள் மைதானத்தில் அதைக் கட்டி வண்ணத் துணிகளால் முடிச்சுப் போட்டார்கள். இன்றைய நாளிலிருந்து 2.6 சென்டிமீட்டரில் கீழடி. 5 சென்டிமீட்டர் சொச்சத்தில் சிவகளையின் இரும்பு. ஏறத்தாழ ஒரு முழத்தில் இலங்கையின் ஃபாஹியன் குகை மனிதர்கள். 3 மீட்டரில் மொராக்கோவின் ஜெபல் இர்ஹூத். நம் இனத்தின் மிகப் பழைய எலும்புகள் அங்கேதான் கிடைத்தன. 15 மீட்டரைத் தாண்டி அத்திரம்பாக்கம். 17 மீட்டருக்கு மேல் போனால், கென்யாவில் கிடைத்த மிகப் பழைய கைக்கோடரிகள். பாட்டிமார்கள் சிலர் கீழடி முடிச்சின் பக்கத்தில் நின்று அந்தக் கோடி வரை எட்டிப் பார்த்துவிட்டு, மெல்ல நடந்தே போய்த் தொட்டுப் பார்த்து வந்தார்கள். பாய், பணம் வாங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டீர்கள். உங்கள் கயிற்றைச் சுற்றி நின்ற கூட்டத்தை நீங்களே பார்த்தீர்கள்.

கயிற்றில் 3.85 மீட்டரில் இன்னொரு சிவப்பு முடிச்சு இருந்தது. அதுவும் அத்திரம்பாக்கம்தான். மேல் அடுக்குகளில் கைக்கோடரிகள் குறைந்து, முன்கூட்டியே திட்டமிட்டுச் சிறிய சில்லுகளைப் பெயர்த்தெடுக்கும் புது முறை தொடங்குகிறது. இது ஏறத்தாழ 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பு நடந்தது என்று 2018-இல் அதே குழு வெளியிட்டது. இந்த முறை நம் இனத்தவர் ஆப்பிரிக்காவிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவந்தது, ஒன்றேகால் லட்சம் ஆண்டுகளுக்குள் நடந்தது என்பதுதான் அதற்கு முன் பரவலாக இருந்த கருத்து. ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி மொராக்கோ முடிச்சையும் இந்த முடிச்சையும் பார்த்துவிட்டு, "நம்ம ஆளுங்க வர்றதுக்கு முன்னாடியே இது இங்க இருந்திருக்கே, அப்ப யார் செஞ்சது மிஸ்?" என்று கேட்டாள். ஆராய்ச்சியாளர்கள் விவாதிக்கும் கேள்வி அதுவே. அத்திரம்பாக்கத்தில் மனித எலும்பு கிடைக்கவில்லை. நர்மதைக் கரையில் ஹத்னோராவில் 1982-இல் கிடைத்த மண்டையோட்டுப் பகுதியைத் தவிர, இந்தியாவில் அந்தப் பழங்கால மனிதர்களின் எலும்பு என்று சொல்லிக்கொள்ள அதிகம் கிடையாது. உள்ளூரிலேயே வளர்ந்த முறையா, வெளியிலிருந்து வந்தவர்கள் கொண்டுவந்ததா என்பது இன்னும் திறந்த கேள்வி. அந்தப் பெண் இப்போது நூலகத்தில் இதைப் பற்றித் தேடிப் படித்துக்கொண்டிருக்கிறாள்.

அப்புறம், கேட்ட உடனே அனுமதி தந்த தலைமையாசிரியர், சாமியானா செலவை ஏற்ற பள்ளி மேலாண்மைக் குழு, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் மாதிரிக் கருவிகளை வார்த்துக் கொடுத்த ஓவிய ஆசிரியர், வந்தவர்களுக்கெல்லாம் சுண்டல் அவித்துக் கொடுத்த சத்துணவு அக்காக்கள், புரொஜெக்டரை இரவல் தந்த முன்னாள் மாணவர்கள், எல்லோருக்கும் நன்றி. நூறு நாள் வேலைக்குப் போகும் இரண்டு தாய்மார்கள், ஏரியில் மண் வெட்டும்போது எந்த ஆழத்தில் மண்ணின் நிறம் மாறும், எங்கே மணல் வரும், எங்கே களி வரும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். மண்ணடுக்குப் பாடத்தை அவர்களைவிட நன்றாக என்னால் நடத்தியிருக்க முடியாது.

நான் நேரில் சந்திக்காதவர்களுக்கும் நன்றி சொல்ல வேண்டும். சாந்தி பப்பு, அவர் குழுவின் குமார் அகிலேஷ், அவர்களோடு காலக்கணிப்பு செய்த இந்திய, பிரான்சு நாட்டு அறிவியலாளர்கள், அந்தக் குழிகளில் வெயிலில் உட்கார்ந்து மண்ணைச் சுரண்டிச் சலித்த உழைப்பாளிகள் எல்லோருக்கும் எங்கள் பிள்ளைகள் கடிதம் எழுதி வைத்திருக்கிறார்கள். அவற்றை அடுத்த வாரம் அஞ்சலில் சேர்க்கிறோம்.

மாதிரிக் கருவிகளும் கயிறும் பானைகளும் எங்கள் சமூக அறிவியல் அறையில் இருக்கின்றன. பக்கத்துப் பள்ளிகள் கண்காட்சி நடத்த விரும்பினால் தலைமையாசிரியரிடம் ஒரு கடிதம் கொடுத்துவிட்டு எடுத்துப் போகலாம். கயிற்றைக் கட்டிக் காட்ட எங்கள் ஒன்பதாம் வகுப்பு மாணவிகள் கூடவே வரத் தயாராக இருக்கிறார்கள்.

மிக்க நன்றியுடன்,
சமூக அறிவியல் ஆசிரியை,
அரசு மேல்நிலைப் பள்ளி,
திருவள்ளூர் மாவட்டம்