கிரவுனை ஒட்டும் முறையும் முக்கியம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில் பல்லின் மேல் உறைபோல் பொருத்தும் கிரவுன்களைப் பற்றி வெளியான கட்டுரை, ஜிர்கோனியா, செராமிக், உலோகம் ஆகியவற்றின் தன்மைகளைத் தெளிவாக விளக்கியிருந்தது. ஆனால், ஆய்வகத்திலிருந்து வரும் கிரவுன் பல்லில் எப்படி நிலைபெறுகிறது என்பதை, 'சிமென்ட் வைத்துப் பொருத்துவார்கள்' என்ற ஒரே வரியில் முடித்துவிட்டது. பல் மருத்துவர் என்ற முறையில் அது குறித்துச் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன்.

எல்லாப் பொருளையும் ஒரே முறையில் ஒட்ட முடியாது. லித்தியம் டைசிலிகேட் போன்ற செராமிக்கின் உட்புறத்தை ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தால் சுமார் 20 விநாடிகள் அரித்தால், அதிலுள்ள கண்ணாடிப் பகுதி கரைந்து நுண்குழிகள் உண்டாகும். செராமிக்கையும் சிமென்ட்டையும் இணைக்கும் சிலேன் என்னும் திரவத்தை அதன்மேல் பூசிய பிறகு ரெசின் (பிசின் வகை) சிமென்ட் உறுதியாகப் பற்றும். ஜிர்கோனியாவில் கண்ணாடி இல்லை. எனவே அதன்மீது அலுமினாத் துகள்களை மிதமான அழுத்தத்தில் வீசி, எம்டிபி என்னும் பாஸ்பேட் மூலக்கூறு கொண்ட பிரைமரை, அதாவது ஒட்டுவதற்கு முந்தைய பூச்சை, பூசுகிறோம். பாஸ்பேட்டின் மீது ஜிர்கோனியாவுக்குள்ள இந்த நாட்டமே தொல்லையும் தருகிறது. வாயில் வைத்து அளவு பார்க்கும்போது எச்சிலில் உள்ள பாஸ்பேட்டும் அதில் படிந்துவிடுவதால், தண்ணீரில் கழுவுவது போதாது. வழக்கம்போல் பாஸ்பாரிக் அமிலத்தால் துடைத்தால் நிலைமை மேலும் கெடும். அதற்கென உள்ள சுத்திகரிப்புக் கரைசலையே பயன்படுத்த வேண்டும்.

பல்லின் பக்கமும் கவனம் தேவை. பல்லின் வெளி அடுக்கான எனாமலை அமிலத்தால் அரித்து ஒட்டலாம் என்பதை 1955-இல் அமெரிக்கப் பல் மருத்துவர் மைக்கேல் புவனகோர் காட்டினார். இன்றும் எனாமலே நம்பகமான தளம். எனாமலுக்கு அடியில் உள்ள, ஈரமும் நுண்குழாய்களும் நிறைந்த டென்டின் அவ்வளவு எளிதில் வசப்படுவதில்லை. பல்லைச் செதுக்கிய அன்றே, அளவெடுப்பதற்கு முன்பாக, டென்டினை ஒட்டுப்பசையால் மூடிவிடும் முறை இதற்காகவே வந்தது. தற்காலிக சிமென்ட்டின் மிச்சங்கள் டென்டினில் படியாமல் அது தடுக்கிறது. இடைப்பட்ட நாட்களில் பல்கூச்சமும் குறைகிறது.

எல்லாக் கிரவுனுக்கும் இத்தனை ஏற்பாடு வேண்டும் என்பதில்லை. போதிய உயரமும் பிடிப்பும் உள்ள பல்லில் உலோகமோ ஜிர்கோனியாவோ சாதாரண கிளாஸ் அயனோமர் சிமென்ட்டிலேயே நன்றாக நிற்கும். உயரம் குறைந்த பல், ஆன்லே (பல்லின் கடிக்கும் பரப்பில் ஒரு பகுதியை மட்டும் மூடுவது), வெனீர் (பல்லின் முன்பக்கத்தில் ஒட்டும் மெல்லிய தகடு) ஆகியவற்றுக்குத்தான் ஒட்டும் முறை உயிர்நாடி.

எனவே, அடுத்து வெளியிடும் கட்டுரையில், 'எந்தப் பொருள்?' என்பதோடு 'எப்படி ஒட்டப்போகிறீர்கள்?' என்றும் மருத்துவரிடம் கேட்கும்படி வாசகர்களுக்கு எடுத்துச் சொல்லுமாறும், எச்சில் படாமல் பல்லைப் பிரித்து வைக்கும் ரப்பர் விரிப்பான ரப்பர் டேம் கட்டி ஒட்டுவதற்கு ஆகும் கூடுதல் நேரம் வீண் தாமதம் அல்ல என்பதை விளக்குமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பல் மருத்துவர் ஒருவர்