வாசகர் வட்டச் செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மாதம் ஒன்று என்று பன்னிரண்டு கூட்டம் நடந்திருக்க வேண்டும். ஒன்பதுதான் நடந்தது. மே மாத வெயிலில் ஒன்று போனது, துர்கா பூஜையில் ஒன்று போனது, சாவியை எடுத்துக்கொண்டு நான் ஊருக்குப் போய்விட்டதால் ஒன்று போனது. கடைசியது என் தப்பு.

நடந்த ஒன்பதில் நான்கை, நம் ஜாம்ஷெட்பூருக்கு அருகே யுரேனியச் சுரங்கம் இருக்கும் ஜாதுகோடாவே எடுத்துக்கொண்டது. "தமிழ்ப் புத்தகம் படிக்கத்தானே கூடுகிறோம், யுரேனியம் எதற்கு?" என்று மூத்த உறுப்பினர் ஒருவர் கேட்டது குறிப்பேட்டில் இருக்கிறது. நியாயமான கேள்வி. அதனால் இதை மட்டும் விரிவாகச் சொல்கிறேன்.

நம்மில் பலருக்கு ஜாம்ஷெட்பூர்தான் சொந்த ஊர் மாதிரி. தாத்தா காலத்தில் எஃகு ஆலை வேலைக்கு வந்த குடும்பங்கள். ஜாதுகோடா ரங்கிணி கோயிலுக்கு ஒரு தடவையாவது போகாத வீடு இருக்காது. அந்த ஊரில்தான் 1967இல் நாட்டின் முதல் யுரேனியச் சுரங்கம் தொடங்கியது. நாம் தேங்காய் உடைத்தோம், கும்பிட்டோம், திரும்பி வந்துவிட்டோம். கழிவுக் குட்டை என்று ஒன்று இருப்பதே எனக்கு ஐம்பது வயதுக்கு மேல்தான் தெரியும்.

முதல் கூட்டத்தில், ஆலை ஆய்வகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற நம் உறுப்பினர் கரும்பலகையில் கணக்குப் போட்டுக் காட்டினார். அங்கே வெட்டும் தாதுவில் யுரேனியம் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. மீதியெல்லாம் பொடியாகி, தண்ணீரோடு சேறாகக் குழாய் வழியே குட்டைக்குப் போகிறது. பிரித்தெடுத்த யுரேனியம் ஹைதராபாத்துக்குப் போய்விடுகிறது. ஆனால் தாதுவில் இருந்த கதிரியக்கத்தில் சுமார் 85 சதவீதம் அந்தச் சேற்றிலேயே தங்கிவிடுகிறது. அதில் இருக்கும் கதிரியக்கப் பொருள்களில் ஒன்றான ரேடியம் பாதியாகக் குறைய 1,600 ஆண்டு. "கரிகாலன் காலத்தில் கொட்டியிருந்தால் இன்றைக்குப் பாதி போயிருக்குமா?" என்று கேட்டேன். "அதுவும் போயிருக்காது" என்றார். அதே சேற்றில் தோரியம்-230 என்ற இன்னொரு கதிரியக்கப் பொருளும் இருக்கிறது. அது சிதையச் சிதையப் புதிதாக ரேடியம் உண்டாகிக்கொண்டே இருக்கும். அந்தத் தோரியம் பாதியாகக் குறையவே சுமார் 75,000 ஆண்டு. அப்புறம் யாரும் கேள்வி கேட்கவில்லை.

இரண்டாவது கூட்டத்தில் மருத்துவர்கள் 2007இல் எடுத்த கணக்கெடுப்பைப் படித்தோம். சுரங்கத்துக்கு அருகே 2,118 வீடுகள், முப்பது கிலோமீட்டருக்கு அப்பால் 1,956 வீடுகள். குறையோடு பிறந்த குழந்தைகள், பிள்ளைப்பேறின்மை, புற்றுநோய்ச் சாவு எல்லாம் அருகில் இருந்த ஊர்களில்தான் அதிகம். கதிர்வீச்சு காரணமல்ல, வறுமையும் சத்துக்குறைவும் குடியும்தான் காரணம் என்பது சுரங்கத்தை நடத்தும் நிறுவனத் தரப்பு சொல்லிவந்த பதில். அதையும் குறிப்பேட்டில் எழுதியிருக்கிறேன். சரி, தூரத்து ஊர்களும் ஏழை ஊர்கள்தானே என்று நம் உறுப்பினர் ஒருவர் கேட்டதும் அதன் கீழேயே இருக்கிறது.

அன்றைக்குப் பெண் உறுப்பினர்கள் சொன்னதுதான் எனக்கு இன்னும் மறக்கவில்லை. ஜாதுகோடாப் பக்கம் பெண் எடுக்க வெளியூர்க்காரர்கள் தயங்குகிறார்கள் என்று பல செய்திக் கட்டுரைகளில் வந்திருக்கிறது. "அப்படியிருக்க, கணக்கெடுக்க வருகிறவரிடம் குழந்தை செத்துப் பிறந்ததை எந்த அம்மா சொல்வாள்?" என்றார் ஒருவர். ஒரு நாள் வந்து படம் பிடித்துப் போகும் நிருபருக்கு இது கிடைக்காது. திரும்பத் திரும்பப் போய் அவர்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார வேண்டும்.

மூன்றாவது கூட்டம் ஜாதுகோடா அருகே உள்ள டுங்ரிடி கிராமம் பற்றியது. 2006 டிசம்பர் 24 அன்று கழிவுக் குழாய் அங்கே வெடித்தது. சேறு ஓடையில் கலந்தது. நிறுத்த ஒன்பது மணி நேரம் ஆனது. தகவல் சொன்னதே ஊர்க்காரர்கள்தான். முன்பு குட்டைக்காக நிலத்தை இழந்து அங்கே குடியேறிய குடும்பங்களும் அவர்களில் உண்டு. இதையெல்லாம் தோண்டி எழுதுவது எளிதாகவும் இல்லை. 1962ஆம் ஆண்டு அணுசக்திச் சட்டத்தின் 18ஆம் பிரிவு அணுசக்தி பற்றிய தகவல் வெளியிடுவதையே கட்டுப்படுத்தியது. ஜாதுகோடாக் கழிவு பற்றி 1999இல் தொடுத்த பொதுநல வழக்கை உச்ச நீதிமன்றம் 2004இல் தள்ளுபடி செய்தது. போதிய நடவடிக்கை எடுத்தாயிற்று என்ற அணுசக்தி ஆணையத்தின் வாக்குமூலமே அதற்குப் போதுமானதாக இருந்தது. பத்து ஆண்டு கழித்து, 2014இல், பத்திரிகையில் வந்த படங்களைப் பார்த்து ஜார்க்கண்ட் உயர் நீதிமன்றம் தானாகவே ஒரு வழக்கைக் கையில் எடுத்தது.

நான்காவது கூட்டத்தில் ஏட்ரியன் லெவி என்ற பிரிட்டிஷ் பத்திரிகையாளர் ஜாதுகோடா பற்றி 2015 டிசம்பரில் எழுதிய நீண்ட கட்டுரையை வரிக்கு வரி தமிழில் சொல்லிப் படித்தோம். சுவர்ணரேகா கரை விவசாயிகளின் பேச்சைக் கட்டுக்கதை என்று தள்ளாமல், ஆற்று நீரையும் கிணற்று நீரையும் எடுத்துச் சோதித்த ஜாதவ்பூர் பல்கலைக்கழகப் பேராசிரியர் தீபக் கோஷ் அதில் வருகிறார். அந்த ஆறு நம் ஊரை ஒட்டித்தான் ஓடுகிறது. எங்கிருந்தோ வந்த நிருபர் எழுதிய பிறகுதான் நமக்குத் தெரிந்தது என்பதில் எனக்குக் கொஞ்சம் வெட்கம் உண்டு.

கணக்கு வழக்கைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். சந்தா பாக்கி வைத்திருப்பவர்கள் பெயரை நான் வாசிக்கப் போவதில்லை, அவர்களுக்கே தெரியும்.

ஒரு தீர்மானம் மட்டும் பாக்கி. நான்கு கூட்டமும் அவர்களைப் பற்றி நாமேதான் பேசினோம். வரும் ஆண்டு அந்தக் கிராமங்களிலிருந்து யாரையாவது அழைத்து, அவர்கள் தங்கள் பழங்குடி மொழியான ஹோவிலோ சாந்தாலியிலோ பேச, இந்தி வழியாக நாம் கேட்கலாம் என்று செயற்குழு நினைக்கிறது. வண்டி வாடகையும் மதியச் சாப்பாடும் வட்டத்தின் செலவு. இதற்குப் பொதுக்குழுவின் ஒப்புதலைக் கேட்டுக்கொள்கிறேன்.