உங்களுக்கு மறுக்க முடியாதது எங்களுக்கு மட்டும் ஏன்?

தமிழ்நாட்டிலிருந்து நாடாளுமன்றத்துக்குச் சென்றிருக்கும் இரு அவை உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

சிறு நகரமொன்றில் செய்தி சேகரிப்பவன் நான். மத்திய அரசின் நிதியில் போட்ட சாலை ஒன்று முதல் மழைக்கே பெயர்ந்துவிட்டது. அதற்குத் தரச் சான்று கொடுத்த பொறியாளர் யார் என்று கேட்டு, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய்க் கட்டணத்துடன் மனுப் போட்டேன். 30ஆவது நாளில் பதில் வந்தது: 'கோரப்பட்டது தனிநபர் தகவல், வழங்க இயலாது.' அரசு முத்திரையின் மேல் போட்ட கையெழுத்து எப்படி ஒருவரின் சொந்த விஷயமாகும் என்று அலுவலரிடம் கேட்டேன். "சட்டம் இப்போது அப்படித்தான் இருக்கிறது" என்றார். நான் கோபப்பட வேண்டியது அவரிடம் அல்ல என்று அப்போதுதான் உறைத்தது.

2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் அந்தரங்கத்தை மதிக்கத்தான் செய்தது. பொதுக் காரியத்தோடு தொடர்பில்லாத சொந்தத் தகவலை 8(1)(ஜே) பிரிவைக் காட்டி மறுக்கலாம். பொதுநலன் பெரிதென்றால் கொடுக்கலாம். எடைபோடும் அந்தத் தராசைத்தான் 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தன் 44(3) பிரிவால் பிடுங்கிவிட்டது. இப்போது தனிநபர் தொடர்பான தகவல் என்றாலே மறுக்கலாம். 2025 நவம்பரில் அது நடைமுறைக்கும் வந்துவிட்டது.

வெட்டி எறியப்பட்டதில் உங்களைப் பற்றிய வரியும் ஒன்று உண்டு. நாடாளுமன்றத்துக்கோ சட்டமன்றத்துக்கோ மறுக்க முடியாத தகவலை எவருக்கும் மறுக்கக் கூடாது என்றது அது. என் மனுக்களின் கடைசிப் பத்தியில் பல ஆண்டுகள் அதைத்தான் எழுதிவந்தேன். உங்களையும் டீக்கடையில் பேப்பர் படிப்பவரையும் ஒரே பெஞ்சில் உட்கார வைத்த வரி. அதை எடுத்தபோது உங்களில் எத்தனை பேர் கவனித்தீர்கள்?

8(2) பிரிவு இன்னும் இருக்கிறதே என்று அரசு சொல்கிறது. இருக்கிறது. பொதுநலன் மிஞ்சினால் தகவலைத் தரலாம் என்கிறது அது. அந்த 'தரலாம்' என்ற சொல்லை நம்பி எந்த அலுவலர் தன் மேலதிகாரியின் பெயரை எழுதிக் கொடுப்பார்?

இன்னொன்று. தரவுப் பாதுகாப்புக்காக முதலில் வந்த 2019ஆம் ஆண்டு மசோதாவில் இதழியல் பணிக்கு விலக்கு இருந்தது. நிறைவேறிய சட்டத்தில் அது இல்லை. மீறினால் அபராதமோ 250 கோடி ரூபாய் வரை. எங்கள் பத்திரிகையை அச்சகத்தோடு விற்றாலும் அதன் வட்டிக்குக் காணாது.

மத்தியச் சட்டம் வருவதற்கு எட்டு ஆண்டுகள் முன்பே, 1997இல், தகவல் உரிமைக்குச் சட்டம் இயற்றிய மாநிலம் நம்முடையது. பழைய 8(1)(ஜே) பிரிவை மீட்கவும், இதழியலுக்கு விலக்குத் தரவும் உங்களில் ஒருவர் உறுப்பினர் என்ற முறையில் தனிநபர் மசோதா கொண்டுவர வேண்டும். அது வெல்லுமா என்பது வேறு. அவைக் குறிப்பிலாவது ஏறட்டும்.

அதுவரை ஒரு சிறு உதவி. அந்தப் பொறியாளர் யார் என்று எழுத்துப்பூர்வமான கேள்வியாக நீங்கள் கேளுங்கள். பதில் வந்தால் எனக்கு ஒரு நகல் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
ஒரு மாவட்டச் செய்தியாளன்